நாய்க்கு நடுகல் வெச்ச ஊரும் ஒரு மார்க் கேள்வியும்

மக்களே, ஒரு நாயோட பேரைக் கல்லுல வெட்டி, அந்தக் கல்லு 1400 வருஷமா நிக்குதுன்னா நம்புவீங்களா? ராஜா வளர்த்த நாய் கூட இல்லைங்க. மாடு, எருமை காத்த சாதாரண நாய். பேரு கோவிவன்.

ஊரு எடுத்தனூர். இன்னைக்கு தண்டராம்பட்டு வட்டம். அந்தக் கல்லைப் பத்தி உலகத்துக்குத் தெரிய வந்தப்போ செங்கம் வட்டம். அதனாலதான் புத்தகத்துல எல்லாம் 'செங்கம் நடுகற்கள்'ங்கற குடும்பத்துல இதுவும் ஒண்ணு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராக் கொண்டு அதே பேர்ல ஒரு தொகுப்பே போட்டுச்சு. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டோட இத்தனை நடுகல் ஒரே வட்டாரத்துல கிடைச்சது அப்போ பெரிய செய்தி.

எடுத்தனூர்க் கல்லுல ஒரு வீரன் கையில ஆயுதத்தோட நிக்கறான். பக்கத்துல நாய். மகேந்திரவர்ம பல்லவனோட 34-ஆவது ஆட்சியாண்டுன்னு கல்வெட்டு ஆரம்பிக்குது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்திங்கறவன் செத்துப் போறான். கோவிவன்கற நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சுட்டுக் காத்து நிக்குது. அவ்ளோதான் கல்லு சொல்ற சேதி. நாலஞ்சு வரி.

இந்தச் சேதி பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். "எடுத்தனூர் நடுகல்லில் குறிக்கப்படும் நாயின் பெயர் யாது?" ஒரு மார்க். கோவிவன்னு எழுதினா முடிஞ்சது கதை. (டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கற நண்பர்கள் இப்பவே நோட்ல எழுதிக்கிட்டிருப்பாங்க, எனக்குத் தெரியும் :-))

எனக்கு என்ன தோணும்னா, அந்தப் பேருல சுவாரசியமே இல்லை. சுவாரசியம் வேற இடத்துல இருக்கு. செங்கம் பக்கத்து நடுகல்லுங்கள்ல பெரும்பாலானது மாட்டுச் சண்டையில செத்தவங்களுக்கு வெச்சது. 'தொறு'ன்னா மாட்டு மந்தை. தொறுவை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல்லு இருக்கு. அடுத்த ஊர் தொறுவைக் கவர்ந்துக்கிட்டு வர்றப்போ செத்தவனுக்கும் கல்லு இருக்கு! ரெண்டு பேருமே வீரன். ரெண்டு பேர் கல்லுமே சாமி. இலக்கணக்காரங்க ஒண்ணை வெட்சின்னாங்க, இன்னொண்ணைக் கரந்தைன்னாங்க.

அப்போ எடுத்தனூர்க் கல்லுல 'கள்ளன்'னு எழுதியிருக்கே, அது யார் கொடுத்த பட்டம்? கல்லை நட்டவங்க கொடுத்தது. அந்த ரெண்டு பேரோட ஊர்ல அவங்களை என்னன்னு சொல்லியிருப்பாங்க? கல்வெட்டுல 'எருமைப்புறம்'னு ஒரு சொல் வருது. அது ஊர் பேரா, இல்ல எருமை கட்டற இடத்துக்குப் பக்கத்துலன்னு அர்த்தமா? செத்தவனுக்கு ஒரு கல்லு வைக்கணும்னா யாராவது செலவு பண்ணணும், எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும், அது யாரு? செத்தவன் பேரோட நாய் பேரையும் சேர்த்து வெட்டச் சொன்னது யாரா இருக்கும்?

இதுல ஒண்ணுக்கும் 'விடைக்குறிப்பு' கிடையாது. ஆனா எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் இதுல நாலு கேள்வியை உக்காந்து யோசிச்சான்னா, அப்புறம் எந்தப் பாடத்தைப் படிச்சாலும் அவன் படிக்கற விதமே வேற மாதிரி ஆயிடும்னு நான் நம்பறேன். இங்கிலீஷ்காரன் கிரிட்டிகல் திங்கிங்னு சொல்றதும், நம்ம பாடத்திட்ட ஆவணங்கள் 'திறனாய்வுச் சிந்தனை'ன்னு சொல்றதும் இதைத்தான். யார் சொன்னது, எதுக்குச் சொன்னது, வேற எப்படி இருந்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்.. இவ்ளோதான் சரக்கு.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மார்க் வருமா?"ன்னு ஒரு அப்பா கேட்டா அது நியாயமான கேள்வி. மார்க்குல இருந்தே ஆரம்பிப்போம்.

2010-ல தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பிசாங்கற சர்வதேசத் தேர்வுல கலந்துக்கிட்டாங்க. 2009 பிசாவோட நீட்டிப்பு அது. 15 வயசுப் பிள்ளைங்களுக்கு வாசிப்பு, கணக்கு, அறிவியல். முடிவு 2011 டிசம்பர்ல வந்துச்சு. தமிழ்நாடு வாசிப்புல 337, கணக்குல 351, அறிவியல்ல 348. வளர்ந்த நாடுகளோட சராசரி 500-ஐ ஒட்டி இருக்கும். 74 நாடு/பகுதியில நம்ம ரெண்டு மாநிலமும் கடைசி வரிசை. கேள்விகள் நம்ம பிள்ளைங்க வாழற சூழலுக்குப் பொருந்தலைன்னு காரணம் சொல்லி, அடுத்த சுற்றுக்கு இந்தியா போகலை.

காரணத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா அந்தத் தேர்வுல எப்படிக் கேக்கறாங்கன்னு பாருங்க. பிசாக்காரங்களே வெளியிட்ட பழைய வாசிப்புக் கேள்வி ஒண்ணு. சுவத்துல கிறுக்கறதைப் பத்தி ரெண்டு பேர் எழுதின கடிதம். ஒருத்தருக்கு ஒரே கோவம், பள்ளிச் சுவரைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியிருக்கேன்னு. இன்னொருத்தர், ஊரெல்லாம் விளம்பரப் பலகை வெக்கறானே அதை மட்டும் யாரைக் கேட்டு வெக்கறான்னு திருப்பிக் கேக்கறார். முதல்ல, நீ யார் கட்சி, ஏன்னு ஒரு கேள்வி. அதுக்கப்புறம் வருது பாருங்க: உனக்கு எந்தக் கருத்து பிடிச்சிருக்குங்கறது இருக்கட்டும், எந்தக் கடிதம் நல்லா எழுதப்பட்டிருக்கு?

இது வெளிநாட்டு விஷயமா? நம்ம ஊர்ல சுவத்துல கிறுக்காத ஆளா? :-) சுவர் விளம்பரத்துக்கு 'ரிசர்வ்டு'ன்னு எழுதி மூணு வருஷத்துக்கு முன்னாடியே துண்டு போடற ஊருங்க இது. சூழல் தெரியாம பிள்ளைங்க தவிச்சிருக்க முடியாது. எனக்குப் பிடிச்ச கட்சி வேற, நல்லா வாதம் பண்ண கட்சி வேறங்கற அந்தப் பிரிவினையை யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வெட்சிக் கல்லையும் கரந்தைக் கல்லையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாக்கறதும் அதே வேலைதான்.

நம்ம மரபுலயே இது இல்லைன்னு சில பேர் சொல்லுவாங்க. எல்லாம் மனப்பாடம், குரு சொன்னா வேதவாக்கு அப்படின்னு. அவங்களை நன்னூல் பாயிரத்தை ஒரு தடவை புரட்டச் சொல்லணும். பவணந்தி முனிவர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்து ஆளு, சீயகங்கன்கற சிற்றரசன் கேட்டுக்கிட்டதால எழுதினார். 800 வருஷம் ஆச்சு. அதுல மாணவர்களைத் தரம் பிரிக்கறார். அன்னமும் பசுவும் முதல் தரம். பாலையும் தண்ணியையும் பிரிக்கற அன்னம். மண்ணும் கிளியும் நடுத்தரம். கவனிங்க, சொன்னதைச் சொல்ற கிளிப்பிள்ளைக்கு அவர் கொடுக்கறது பாஸ் மார்க்தான், சென்டம் இல்லை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யை விட்டுட்டுக் கசடைப் பிடிச்சுக்கற பன்னாடை எல்லாம் கடைசி பெஞ்ச். (எருமைக்கு ஏன் கடைசி பெஞ்ச்னு எடுத்தனூர்க்காரங்க கோவிச்சுக்கலாம்.)

அதைவிட எனக்குப் பிடிச்சது அவர் போடற கணக்கு. வாத்தியார் சொல்றதை ஒழுங்காக் கேட்டா கால் பங்குதான் வரும். கூடப் படிக்கறவங்களோட பேசிப் பழகினா இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு எப்போ வரும்னா, நீயே இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்றப்போ! இன்னைக்கு எந்தப் பயிற்சி முகாம்லயும் பவர்பாயின்ட் போட்டுச் சொல்ற சங்கதி. அங்கேயே நூல் எழுதறவன் எடுக்கக்கூடிய ஏழு விதமான நிலைப்பாட்டையும் சொல்றார். ஒத்துக்கறது, மறுக்கறது, முதல்ல ஒத்துக்கிட்டு அப்புறம் மறுக்கறது, ரெண்டு பேர் மாறுபட்டா ஒரு பக்கம் துணியறது, அடுத்தவர் நூல்ல குத்தம் காட்டறது.. இப்படிப் போகுது. உரையாசிரியர்கள் 'அப்படியானால் இது எப்படிப் பொருந்தும்?'னு தாங்களே தடை எழுப்பி, தாங்களே விடை சொல்லி எழுதினதும் இந்தப் பள்ளிக்கூடத்துச் சரக்குதான்.

ஆனா பெருமை பேசிட்டு இங்கேயே நிறுத்தினா அது மோசடி. நன்னூல் படிச்சவங்க எத்தனை பேர்? ஊர்ல இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல கலெக்டர்களை எல்லாம் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-ல தொகுத்துப் பாத்தா மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க. அதுல பெண் குழந்தைகள் 4,540. தரம்பால் 1983-ல இந்தக் கணக்கை எல்லாம் புத்தகமாப் போட்டதுக்கு அப்புறம் 'வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் படிச்சிருந்தோம்'னு ஒரு கோஷ்டி கிளம்பிச்சு. ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்துல நாலாயிரத்து ஐநூறுங்கறது 'எல்லாரும்' ஆகுமான்னு அவங்ககிட்டயே கேக்கலாம். அதே சமயம், பிராமணப் பிள்ளைங்க மட்டும்தான் படிச்சாங்கன்னு சொல்றவங்களுக்கும் அந்தக் கணக்கு அடி கொடுக்குது. தமிழ்ப் பகுதிகள்ல பெரும்பான்மை மற்ற சாதிப் பிள்ளைங்கதான். ஒரே அட்டவணை, ரெண்டு கட்சிக்கும் சங்கடம். வகுப்புல வெச்சு அலசறதுக்கு இதைவிட நல்ல அட்டவணை வேணுமா?

அந்தக் கணக்கெடுப்புல பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல எழுதி அனுப்பின அறிக்கை ரொம்பப் பிரபலம். பிள்ளைங்க பாட்டுப் பாட்டா ஒப்பிக்கறாங்க, அர்த்தம் கேட்டா கிளிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியுதுன்னு எழுதறார். பவணந்தியோட அதே கிளி, ஆறு நூறு வருஷம் கழிச்சு இங்கிலீஷ்ல! ஆனா அதே அறிக்கையில இன்னொண்ணும் சொல்றார். மூத்த பசங்க சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கற முறை பிரமாதம், இங்கிலாந்துல இதைக் காப்பி அடிச்சது தப்பே இல்லைன்னு.

காப்பி அடிச்சவர் ஆண்ட்ரூ பெல். எழும்பூர்ல இருந்த ராணுவ அனாதைப் பிள்ளைகள் விடுதிக்கு 1789-ல கண்காணிப்பாளரா வந்தார். நம்ம பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பாத்து அதைத் தன்னோட பள்ளியில கொண்டு வந்தார். பசங்களே பசங்களுக்குப் பாடம் நடத்தற ஏற்பாட்டையும் செஞ்சார். 1797-ல லண்டன்ல புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை'ங்கற பேர்ல அது இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துல 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளிக்கூடம் இன்னைக்கும் இருக்கு.

ஆனா அங்கே போய் அது என்னவா ஆச்சுன்னா, ஒரு வாத்தியார், நூத்துக்கணக்குல பசங்க, நடுவுல சட்டாம்பிள்ளைங்க, மணி அடிச்சா எந்திரி, மணி அடிச்சா உக்காரு. தொழிற்சாலை மாதிரி. பவணந்தி சொன்ன அரைப் பங்கு, அதாவது இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்றது, செலவைக் குறைக்கற தந்திரமா மாறிப் போச்சு. சட்டாம்பிள்ளை ஒப்பிக்கறதைக் கேட்டான், விளக்கலை.

மனப்பாடத்தைத் திட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் பாக்கணும். முந்திரின்னா 320-ல ஒண்ணு, காணின்னா 80-ல ஒண்ணு, மா-ன்னா 20-ல ஒண்ணு. எண்சுவடியை இப்படி மனசுல ஏத்திக்கிட்ட திண்ணைப் பள்ளிப் பையன் வெறும் கிளி இல்லை. நெல் அளக்கற இடத்துல, கூலி பிரிக்கற இடத்துல, நிலம் அளக்கற இடத்துல நின்னு பேப்பர் இல்லாம கணக்குப் போட்டான். திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ஞ்ச து. செந்தில் பாபு இதைத்தான் வலியுறுத்தறார்: அங்கே நினைவுங்கறது புரியாம உருப்போடறது இல்லை, பிரச்சனையைத் தீர்க்கறதுக்கான கருவி. எனக்கு இது ஏத்துக்கும்படியா இருக்கு. மனசுல ஒண்ணுமே இல்லாதவன் எதை வெச்சு யோசிப்பான்? செங்கத்துல நடந்த சண்டை எந்த வருஷம்னே தெரியாதவன் அதைப் பத்தி என்ன கேள்வி கேப்பான்? நினைவுல வெச்சதுக்கு ஒரு வேலை இருந்துச்சு பாருங்க, அந்த வேலைதான் பின்னாடி காணாமப் போச்சு.

எப்போ போச்சுன்னு ஒரு வருஷத்தைச் சுட்டச் சொன்னா நான் 1860-களைச் சுட்டுவேன். இங்கிலாந்துல ராபர்ட் லோ 1862-ல ஒரு திட்டம் கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லுவார். எத்தனை பிள்ளை தேறுதோ அதுக்குத் தக்கபடி பள்ளிக்குக் காசு. பேரே 'தேர்ச்சிக்கேற்ற மானியம்'. கவிஞர் மேத்யூ அர்னால்ட் அப்போ ஸ்கூல் இன்ஸ்பெக்டர், அவரே இதைக் கடுமையா எதிர்த்தார். கேக்கலை. அந்தப் பத்தாண்டுலயே சென்னை மாகாணத்துக்கும் அது வந்துடுச்சு. திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் அதுவரைக்கும் ஊர்க்காரங்க கொடுத்த நெல்லுலயும் காசுலயும் வாழ்ந்தவங்க. இப்போ சர்க்கார் மானியம் வேணும்னா இன்ஸ்பெக்டர் முன்னாடி பையன் தப்பில்லாம ஒப்பிக்கணும். நீங்க அந்த வாத்தியாரா இருந்தா என்ன பண்ணுவீங்க? இன்ஸ்பெக்டர் என்ன கேப்பாரோ அதைத்தான் சொல்லிக் கொடுப்பீங்க. நானும் அதைத்தான் பண்ணுவேன். பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டா "பரீட்சைக்கு வராது, உக்காரு"ன்னு சொல்லுவேன்.

மெக்காலேயைத் திட்டறதுல நமக்கெல்லாம் ஒரு சுகம் இருக்கு. ஆனா அவர் 1835-ல எழுதின குறிப்பைவிட இந்த மானிய விதிதான் வகுப்பறைக்குள்ள அதிக வேலை பண்ணிச்சுன்னு நான் நினைக்கறேன். அந்த மானியம் பின்னால ஒழிஞ்சு போச்சு. பழக்கம் போகலை. இன்ஸ்பெக்டர் இடத்துல பொதுத்தேர்வு வந்துச்சு, மானியத்து இடத்துல சென்டம் ரிசல்ட் பேனர் வந்துச்சு.

இந்தப் பழக்கத்தை உடைக்கப் பாத்த ஒரு முயற்சி நம்ம கண்ணு முன்னாடியே நடந்துச்சு. 2003-ல சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றலை ஆரம்பிச்சார். மூலம் ஆந்திராவுல அப்போ சித்தூர் மாவட்டத்துல இருந்த ரிஷிவேலி. அங்கே பத்மநாப ராவ் - ராமா தம்பதி கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கின அட்டை முறை. சென்னையில மத்த மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பரவி, 2007-08-ல மாநிலம் முழுக்க ஒண்ணு முதல் நாலாம் வகுப்பு வரைக்கும், சுமார் 37,000 பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. ஒரு அரசாங்கம் இவ்ளோ பெரிய அளவுல கற்பிக்கற முறையையே மாத்தினது உலகத்துலயே அபூர்வம்.

பெஞ்ச் போச்சு, பாய் வந்துச்சு. பிள்ளைங்க உயரத்துக்குச் சுவத்தைச் சுத்திக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். மேல கம்பிப் பந்தல், அதுல பிள்ளைங்க வரைஞ்சது தொங்கும். வருகையைப் பிள்ளையே பதிஞ்சுக்கும். வெளியே போய் வானத்தைப் பாத்துட்டு வந்து இன்னைக்கு வெயிலா மேகமான்னு அட்டவணையில குறிக்கும். பாடம் ஏணிப்படி மாதிரி. அட்டையில முயல், யானைன்னு சின்னம் போட்டிருக்கும், எந்தக் குழுவுல உக்காரணும்னு அது சொல்லும். வாத்தியார் முழுசா உதவற குழு, பாதி உதவற குழு, சக மாணவர் உதவற குழு, தானே படிக்கற குழு. பவணந்தியோட கால், கால், அரையைப் பாயில விரிச்சு வெச்ச மாதிரி!

ஜவ்வாது மலைக்கும் செங்கத்துக்கும் இதுல இருந்த அனுகூலம் இன்னொண்ணு. மலையில இருந்து கூலி வேலைக்குக் குடும்பத்தோட கிளம்பிப் போற வீடுங்க உண்டு. மூணு மாசம் கழிச்சு வர்ற பிள்ளைக்கு வழக்கமான வகுப்புல பாடம் எங்கேயோ போயிருக்கும். அட்டை முறையில விட்ட அட்டையில இருந்து எடுத்துக்கலாம். பெயில்ங்கற பேச்சே இல்லை. வீட்ல படிச்சவங்க யாரும் இல்லாத பிள்ளை, ட்யூஷனும் இல்லை, நோட்ஸ் வாங்கிக் கொடுக்க ஆளும் இல்லை. மனப்பாடம்தான் படிப்புன்னா இந்தப் பிள்ளை எப்பவும் பின்தங்கித்தான் நிக்கும், ஏன்னா மனப்பாடத்துக்கு உதவற எல்லாம் காசுக்கு விக்குது. யோசிக்கற பழக்கம் ஒண்ணுதான் கடையில கிடைக்காத சாமான். அதை வகுப்புல கொடுத்தாதான் உண்டு.

சரி, பலன்? இங்கே ஒரு பொறியும் இருக்கு. "2007-ல ஏ.பி.எல். வந்துச்சு, 2010-ல பிசாவுல மண்ணைக் கவ்வினோம், ஆக ஏ.பி.எல். வேஸ்ட்"னு ஒருத்தர் சொன்னா டக்குனு நம்பத் தோணும். கொஞ்சம் நில்லுங்க. பிசா எழுதினவங்க 15 வயசு. 2007-ல அவங்க ஏழாவது, எட்டாவது. ஏ.பி.எல். ஒண்ணு முதல் நாலு வரைக்கும்தான். ஆரம்பத்துலயே தொடங்கின மாநகராட்சிப் பள்ளியில படிச்ச கொஞ்சப் பேரைத் தவிர யாரும் அந்தப் பாயில உக்காந்தவங்களே இல்லை! அவங்க பழைய முறையில படிச்ச பிள்ளைங்க. அதனால அந்த மதிப்பெண் ஏ.பி.எல்.லைத் தோற்கடிக்கவும் இல்லை, ஜெயிக்க வைக்கவும் இல்லை. பழைய முறையைப் பத்தித்தான் ஏதோ சொல்லுது.

ஏ.பி.எல்.ல குறை இல்லையா? இருந்துச்சு. கொஞ்ச நாள்ல பல இடத்துல அட்டையும் சடங்கா ஆயிடுச்சு. அட்டையை முடிச்சாச்சான்னு டிக் போடறது, அவ்ளோதான். அட்டை கிழிஞ்சா மாத்த அட்டை வர நேரமாகும். அஞ்சு முதல் எட்டு வரைக்கும் படைப்பாற்றல் கல்வின்னு கொண்டு வந்தாங்க. மன வரைபடம், குழுக் கலந்துரையாடல் எல்லாம் உண்டு. ஆனா ஒன்பதாவது படி ஏறினதும் பத்தாங்கிளாஸ் பொதுத்தேர்வோட காத்து அடிக்க ஆரம்பிச்சுடும். கீழே கேள்வி கேக்கச் சொல்லிட்டு மேலே புத்தகத்துல இருக்கற வரியை எழுதினாத்தான் மார்க்குன்னா, பிள்ளைங்க முட்டாளா என்ன? எது காசு பெறும்னு அவங்களுக்குத் தெரியும். 1860-கள்ல வாத்தியாருக்குத் தெரிஞ்ச மாதிரியே. 2018-ல இருந்து வந்த புதுப் பாடப்புத்தகங்கள்ல 'சிந்தனை வினா' மாதிரி நல்ல சங்கதிகள் சேர்ந்துச்சு. 2022-ல தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்துச்சு, அட்டைகள் பீரோவுக்குப் போச்சு. கரும்பலகைக் கட்டங்கள் மட்டும் இன்னும் சில பள்ளிச் சுவத்துல அப்படியே இருக்கு, மேல பெயின்ட் அடிச்சும் உருவம் தெரியும்.

இந்த முறை, அந்த முறைங்கறதெல்லாம் அரசாங்கம் பாத்துக்கட்டும். செங்கத்துல ஒரு வாத்தியாரோ டீச்சரோ சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லைங்கறதுதான் என் கட்சி. ஊரைச் சுத்திச் சரக்கு கொட்டிக் கிடக்கு.

பத்துப்பாட்டுல கடைசியான மலைபடுகடாம் பாடற நன்னனோட ஊர் செங்கண்மா, இந்தச் செங்கம்தான்னு சொல்றாங்க. பரிசில் வாங்கப் போற புலவர், வள்ளலோட ஊரைப் பத்தி நல்லதைத் தவிர என்ன சொல்லுவார்? அதுல எதை அப்படியே வரலாறா எடுத்துக்கலாம், எதைப் பாராட்டுன்னு தள்ளி வெக்கலாம்? பாட்டு கெட்டுடாம இந்தக் கேள்வியைக் கேக்க முடியும்.

அடுத்து 1767 செப்டம்பர் 3. முதல் மைசூர்ப் போர். ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தோட கம்பெனிப் படை ஒரு பக்கம். செங்கம் கணவாயில சண்டை. இங்கிலீஷ் புத்தகங்கள்ல இது ஸ்மித்துக்கு வெற்றி. சரி. ஜெயிச்சவர் அடுத்து என்ன பண்ணார்? சாப்பாட்டுச் சாமான் பறிபோய், ஓய்வு கூட எடுக்காம, படையைக் கூட்டிக்கிட்டு நேரா திருவண்ணாமலைக்கு நடந்தார். சுமார் 35 கிலோமீட்டர். தோத்தவர்னு சொல்லப்படற ஹைதர் 1769-ல சென்னைப் பட்டணத்து வாசல் வரைக்கும் வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். அப்போ செங்கத்துல ஜெயிச்சது யாரு? 'வெற்றி'ன்னா என்ன? களத்தை யார் வெச்சுக்கிட்டாங்கங்கறதா, யாரோட நோக்கம் நிறைவேறிச்சுங்கறதா? நடுவுல செப்டம்பர் 26-ல திருவண்ணாமலைப் பக்கத்துல இன்னொரு சண்டை, அதுல ஸ்மித் தெளிவாவே ஜெயிச்சார்; அதையும் சேர்த்துத்தான் நிறுக்கணும். நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்தா அதுவும் மெய்க்கீர்த்திதான். பத்தாவது வகுப்புக்கு இது ஒரு பீரியட் தாராளமா ஓடும். அந்தப் பீரியடுக்கு அப்புறம் 1767-ங்கற வருஷத்தை யாரும் உருப்போட வேண்டாம், தானா ஒட்டிக்கும். மார்க் கேட்ட அப்பாவுக்கு என் பதில் இதுதான்.

அறிவியல் வாத்தியாருக்கும் ஒண்ணு இருக்கு. அதே ஜவ்வாது மலையில காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகுதுன்னு உலகம் பூரா தொலைநோக்கியைத் திருப்பினாங்க. காவலூர்ல ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பாத்தாங்க. கிரகம் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நட்சத்திரத்தோட வெளிச்சம் சில விநாடி மங்கித் திரும்பிச்சு. என்னவா இருக்கும்? யுரேனஸுக்கு இன்னொரு துணைக்கோள்னு நினைச்சு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. பறக்கும் வானாய்வகத்துல இருந்து பாத்த அமெரிக்கர் எலியட்டின் குழுவுக்கு, கிரகத்துக்கு முன்னாடி அஞ்சு மங்கல், பின்னாடியும் அதே தூரத்துல அஞ்சு மங்கல். ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஒத்துப் போச்சுன்னா அது துணைக்கோள் இல்லை, வளையம்! நம்ம ஆளுங்க முறைச்சுக்கிட்டு உக்காரலை. அதே வருஷம் பட்டாச்சார்யாவும் வேணு பாப்புவும் காவலூர்ப் பதிவையே மறுபடி அலசி, யுரேனஸுக்கு வளையங்கள் இருக்குன்னு அதே நேச்சர்ல எழுதினாங்க.

வெளிச்சம் மங்கினது மாறலை, அதுக்குச் சொன்ன அர்த்தம் மாறிச்சு. இதை ஒன்பதாவது பிள்ளைங்ககிட்ட அந்த ஒரு மங்கலோட வரைபடத்தை மட்டும் கொடுத்து "என்னவா இருக்கும்?"னு கேட்டுப் பாருங்க. துணைக்கோள், மேகம், மிஷின் கோளாறு, பூச்சி பறந்துச்சுன்னு வரிசையா வரும். ஒவ்வொண்ணையும் எப்படித் தள்ளறதுன்னு அவங்களே சொல்லட்டும். அப்புறம் அந்த அஞ்சு-அஞ்சு படத்தை எடுத்து வைங்க.

இந்தப் பதிவைப் படிக்கறவங்கள்ல ஆசிரியர்கள் சில பேராவது இருப்பீங்க. உங்க ஊர்ப் பக்கத்துல நடுகல்லோ, கல்வெட்டோ, பழைய சத்திரமோ இல்லாம இருக்காது. ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், விளக்கம் எதுவும் சொல்லாம, பாக்கறதை மட்டும் எழுதச் சொல்லி ஒரு தாள், அதுல இருந்து ஊகிக்கறதை எழுதச் சொல்லி இன்னொரு தாள் கொடுங்க. ரெண்டு தாளும் கலக்கக் கூடாது, அது ஒண்ணுதான் விதி. என்ன வந்துச்சுன்னு எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.

எடுத்தனூருக்கு யாராவது கூட்டிக்கிட்டுப் போனா, அந்த ரெண்டு கள்ளன் பொழைச்சாங்களா செத்தாங்களான்னு பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கல்லுல அது இல்லை.